பந்து வெளியே இருந்த காலம்

போன மாதம் ஒரு நாள் காலடிப்பேட்டையில் பேருந்து ஏறி ராயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். போய்க்கொண்டிருந்தேன் என்பது ஒரு பேச்சுக்கு. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய வரை வரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி, லாரியின் நிழலிலேயே துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அப்போது எனக்கு முன் சீட்டில் இருந்தவர் காலடியில் வைத்திருந்த கேனின் மூடி நெகிழ்ந்து ஒரு வாசனை கிளம்பியது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நடத்துநர் வந்து, "இன்னா நைனா, வண்டியே கலீஜாப் பூட்ச்சி" என்று சலித்துக்கொண்டார். படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெய் என்று அந்த மனிதர் குற்றவாளியைப் போல மெதுவாகச் சொன்னார். வண்டியில் இருந்தவர்களில் நான் ஒருவன்தான் அதை மூச்சை இழுத்து நன்றாக முகர்ந்துகொண்டிருந்தேன். எனக்கு அது மீன் வாசனை இல்லை, பந்து வாசனை.

உங்களுக்கு இது புரிய வேண்டுமென்றால் நாங்கள் கால்பந்து ஆடிய தோல் பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போதைய பந்துகள் மழையில் நனைந்தாலும் கவலைப்படுவதில்லை. எங்கள் காலத்துத் தோல் பந்து தண்ணீரைக் குடித்துவிட்டுக் கருங்கல்லாகிவிடும். தலையால் முட்டினால் அன்று முழுவதும் காதுக்குள் ரயில் ஓடும். அதற்காக எங்கள் அணியில் இடது மூலையைக் காத்த லெப்ட் பேக் ஜெரோம் அண்ணன் சனிக்கிழமை தோறும் பந்தை மடியில் போட்டுக்கொண்டு, படகுக்கு வாங்கிய சுறா எண்ணெயில் கொஞ்சம் எடுத்து, தையல் தையலாகத் தேய்ப்பார். மீன்பிடித் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. ஆகவே அவர் விரலில் டீசலும் பந்தில் சுறாவுமாக ஒரு கலவை மணக்கும். எதிரணிக்காரர்கள் எங்கள் பந்தில் ஆட மாட்டோம் என்று தகராறு செய்திருக்கிறார்கள். அந்தப் பந்தைத் தலையால் முட்டியவனை அவன் வீட்டில் குளிக்காமல் உள்ளே விட மாட்டார்களாம்.

அன்றைக்கு என் பைக்குள் சில தாள்கள் இருந்தன. எங்கள் கிளப்பின் செயலாளர் பிரபு கொடுத்தவை. பிரபு மணலி புதுநகரில் வளர்ந்த பிள்ளை. எங்களோடு ரைட் விங்கில் ஆடிய ஒருவரின் மகன். வங்கியில் வேலை செய்கிறான். கிளப்புக்கு ஒரு மலர் கொண்டுவர வேண்டும், அதில் முழு வரலாறும் வர வேண்டும், எழுதுவதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லை என்று வீட்டுக்கே வந்து சொன்னான். ஆள் இல்லை என்பது உண்மைதான். எழுதத் தெரிந்தவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், ஆடத் தெரிந்தவர்களுக்கு எழுத வராது. நான் கப்பல் சரக்கு ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கிளப்பில் எனக்கு வாய்த்த இடம் பெரும்பாலும் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில். யாருக்காவது கால் சுளுக்கினால் உள்ளே இறங்குவேன், யாருக்குமே சுளுக்காத நாட்களில் கரையில் நின்று கத்துவேன். மறுநாள் ஆட்டத்தின் முடிவை நான்கு வரியில் எழுதிப் பத்திரிகை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். வரலாற்றாசிரியர் என்று சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

பிரபு ஒழுங்கான பையன். வரலாற்றை அவனே மூன்றாகப் பிரித்துத் தலைப்பும் போட்டுக் கொடுத்திருந்தான். முதல் பாகம் ராயபுரத்துப் பழைய மைதானத்தின் காலம். மூன்றாவது பாகம் மணலி புதுநகரில் அவனும் நண்பர்களும் அதே பெயரில், அதே நீலச் சட்டையோடு கிளப்பை மறுபடி தொடங்கி லீக்கில் ஏறி வந்த காலம். நடுவில் இருந்ததற்கு 'இடைவெளி' என்று தலைப்பு. அதன் கீழே ஒரே ஒரு வரி: இக்காலத்தில் செயல்பாடு ஏதும் இல்லை.

அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவன் எழுதியது பொய் என்று சொல்ல முடியாது. அந்த வருஷங்களில் கிளப்புக்கு மைதானம் இல்லை, அணி இல்லை, ஒரு பந்துகூட இல்லை. ஆனால் ஜெரோம் அண்ணன் இறந்தது அந்த வரிக்குள்தான்.

பிரித்து எழுதுவது என்றால் எதை வைத்துப் பிரிப்பது என்று தெரிந்தவர்கள் சிலரைக் கேட்டுப் பார்த்தேன். கேட்டது தப்பாகப் போயிற்று. ஒருவர் மரக் கோல் காலம், இரும்புக் கோல் காலம் என்று இரண்டே இரண்டுதான் என்றார். சரக்குக் கப்பலில் முட்டுக் கொடுத்து வரும் கட்டைகளைக் கொண்டு எங்கள் கோல் கம்பங்கள் நட்டிருந்தோம், பிறகு இரும்புக் குழாய் வந்தது. இன்னொருவர் சட்டை நிறத்தை வைத்துச் சொன்னார். வெறும் பனியனில் ஆடிய காலம், சிவப்பு, அப்புறம் நீலம். மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் எங்களை யார் தோற்கடித்தார்கள் என்பதை வைத்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஜெயித்தது ஒன்றும் அவருக்கு நினைவில் இல்லை. ஜெரோம் அண்ணனின் மனைவி ரெஜினா அண்ணியை நான் கேட்கவே வேண்டியதில்லை, எப்போதுமே எல்லாவற்றையும் தன் கணவரின் காயங்களால் பிரித்து வைத்திருப்பார். அது முட்டி போன வருஷம், இது தோள் இறங்கிய வருஷம் என்பார். அந்தச் சட்டைகளின் முதுகில் நம்பர் தைத்ததெல்லாம் அண்ணிதான். ஆனால் சட்டை நிறம் அவருக்கு முக்கியமாகப் படவில்லை.

நான் நடுவில் அந்த மைதானத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மைதானம் என்றதும் புல்லைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ரயில் தண்டவாளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே கிடந்த மண். ஒரு மூலையில் நிலக்கரித் தூள் படிந்து கறுப்பாக இருக்கும், இன்னொரு மூலையில் கிளிஞ்சல் காலைக் கிழிக்கும். அது யாருக்குச் சொந்தம் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பூசை முடிந்து, கிறிஸ்தவக் கோயிலில் இருந்து வேட்டியும் பேன்ட்டுமாக வெளியே வரும் கூட்டம் நேராக அங்கே வந்து நிற்கும். பூசைக்கு வராத ரெஃப்ரி கன்னியப்பன் அதற்கு முன்பே வந்து சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்பார். துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். பாரம் ஏற்றி இறக்கும்போது கைச்சாடை பார்த்தே வேலை செய்து பழகியதால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவர் விசில் ஊதிவிட்டால் பேச்சு முடிந்தது. சொந்த மச்சானையே ஒரு தடவை வெளியே அனுப்பிவிட்டு, அன்று இரவு அந்த மச்சான் வீட்டிலேயே சாப்பிட்டார் என்று சொல்வார்கள்.

இப்போது சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டக்காரர் யாராவது இறந்தால், கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போகும் வழியில் சவப்பெட்டி மைதானத்தில் நிற்கும். தூக்கி வருகிறவர்கள் தோள் மாற்ற அங்கே இறக்கி வைத்ததில்தான் இது தொடங்கியது என்பார்கள். பிறகு அதுவே முறையாகிவிட்டது. அவர் எந்த இடத்தில் ஆடினாரோ அந்த இடத்தில் பெட்டியை இறக்குவார்கள். எங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர், கிளப்புப் பந்தை எடுத்து, ஆள் இல்லாத கோலுக்குள் ஒரு உதை உதைப்பார். பந்து உள்ளே போனதும் கன்னியப்பன் ஆட்ட முடிவு விசில் ஊதுவார். இரண்டு சின்னது, ஒன்று நீளம். அதன் பிறகுதான் பெட்டி எழும். எங்களோடு ஆடிய கன்னியப்பனின் அண்ணன் செத்தபோது பாடை, பறை எல்லாவற்றோடும் அங்கே வந்து நின்றார்கள், அவருக்கும் கன்னியப்பனே அப்படித்தான் ஊதினார். அழாத ஆண்கள்கூட அந்த நீள விசிலில் உடைந்துவிடுவார்கள். நானும் அழுதிருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் மைதானத்தைச் சுற்றி கயிறு கட்டி அளந்தார்கள். நாங்கள் கயிற்றுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தோம். பிறகு பள்ளம் தோண்டினார்கள், பிறகு சுவர் எழும்பியது. கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டு வரப் போகிறது என்றார்கள். சுவர் மைதானத்துக்குக் குறுக்காக ஓடியதில், இரண்டு கோலும் மைதானத்தின் பெரும் பகுதியும் உள்ளே போய்விட்டன. லெப்ட் பேக் நிற்கிற மூலையும் கொஞ்சம் கறுப்பு மண்ணும் மட்டும் வெளியே சாலையோரமாக மிஞ்சின. அந்த மிச்சத்தில் என்ன ஆடுவது? ஆனாலும் ஜெரோம் அண்ணன் சனிக்கிழமைகளில் பந்துக்கு எண்ணெய் போடுவதை நிறுத்தவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், பந்து காயக் கூடாது என்றார்.

அந்த வருஷமே அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து, ஆஸ்பத்திரி, வேண்டுதல் எல்லாம் பார்த்தார்கள். படுத்த படுக்கையிலும், பந்தை எவனாவது வெயிலில் வைத்துவிடப் போகிறான் என்று அண்ணியிடம் கவலைப்பட்டாராம். போய்விட்டார். நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலில் இருந்து புறப்பட்டோம். சுவர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தினமும் அதன் ஓரமாகத்தானே நடந்தோம். ஆனால் முன்னே போனவர்கள் பழக்கத்தில் திரும்பினார்கள், பின்னே வந்தவர்களும் திரும்பினார்கள். சுவரின் முன்னால் வந்து நின்ற பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று உறைத்தது. ஜெரோம் அண்ணன் அதிர்ஷ்டக்காரர் என்று யாரோ சொன்னார்கள். லெப்ட் பேக் இடம் வெளியே இருக்கிறதே. கறுப்பு மண்ணில் பெட்டியை இறக்கினோம். எங்கள் கோலி பந்தை வாங்கினார். அது அந்த வாரமும் எண்ணெய் மணத்தது. கடைசியாகத் தேய்த்தது அண்ணியாகத்தான் இருக்க வேண்டும்.

கோல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. கோலி அதையெல்லாம் யோசிக்கவில்லை. கோல் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் என்று அவர் காலுக்குத் தெரியும். பந்தைக் கீழே வைத்து, பின்னால் போய் ஓடி வந்து, சுவருக்கு மேலே உயர உதைத்தார். நல்ல உதை. சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை, உள்ளே ஏதோ கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கன்னியப்பனைப் பார்த்தோம்.

அவர் விசிலை வாயில் வைத்திருந்தார். ஊதவில்லை.

"ஊது நைனா" என்று யாரோ சொன்னார்கள்.

"பந்து எங்க கீதுன்னு தெர்ல" என்றார் கன்னியப்பன். "உள்ள பூட்ச்சா, வெளிய பூட்ச்சா, பாக்காம நான் எப்டி ஊதறது?"

இரண்டு பேர் வாசலுக்கு ஓடினார்கள். காவலாளி, மேலதிகாரி உத்தரவு இல்லாமல் ஒருவரையும் விட முடியாது என்று சொல்லிவிட்டார். பாவம், அவர் வேலைக்குப் புதிது. சாவு வீட்டுப் பந்து என்று விளக்கினால் யாருக்குத்தான் புரியும்? நாங்கள் நின்றோம். வெயில் ஏறியது. கல்லறையில் ஃபாதர் காத்திருக்கிறார் என்று ஆள் வந்தது. கன்னியப்பன் விசிலை வாயில் இருந்து எடுக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கினோம். அந்த ஊர்வலத்தில் நடந்த ஒவ்வொரு அடியும் இன்னும் என் காலில் இருக்கிறது.

எங்களிடம் இருந்த உருப்படியான பந்து அது ஒன்றுதான். இன்னொன்று வாங்கியிருக்கலாம். வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் சிலர் எண்ணூர்ப் பக்கம் குடியிருப்புகளுக்குப் போனார்கள், சிலர் மணலி புதுநகருக்கு. கோலி வளைகுடாவுக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். கிளப்பு செத்துப்போனது என்றுகூட யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் நேராக வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

பேருந்து ஒருவழியாக நகர்ந்து ராயபுரம் போய்ச் சேர்ந்தது. நான் ரெஜினா அண்ணி வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் அதே சந்தில், அதே தையல் மிஷினோடு இருக்கிறார். இப்போது பள்ளிச் சீருடை தைக்கிறார். மலர் வருகிறது என்ற சேதி எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு, மிஷினில் இருந்து துணியை எடுக்காமலே கேட்டார்.

"அவர எதுல போட்டுகீறே?"

நான் மழுப்பினேன். இப்போதுதான் பிரித்துக்கொண்டிருக்கிறோம், எல்லோருக்கும் இடம் வரும் என்றெல்லாம் சொன்னேன். குமாஸ்தா வேலையில் கற்றுக்கொண்ட பேச்சு அது. அண்ணி கேட்டுக்கொண்டார். பிறகு, அவருக்கு முன்னால் போனவர்களுக்கெல்லாம் விசில் ஊதினார்கள், அவருக்கு மட்டும் ஊதவில்லை, அது தனக்குப் பெரிய குறை என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் சொன்னார். அதை எவ்வளவு நாளாக மனதில் வைத்துக்கொண்டிருந்தாரோ. அழவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னார். அவர் எந்தப் பாகத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும் என்றார்.

அந்த வாரமே மணலி புதுநகருக்குப் போனேன். கன்னியப்பன் அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். நடை தளர்ந்துவிட்டது, கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. மாலையில் பிரபுவின் பையன்கள் ஆடும்போது மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஜெரோம் அண்ணன் பேச்சை எடுத்ததும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. விசில் அங்கே இருந்தது. ஏன் ஊதவில்லை என்று நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார். பந்து வெளியே போனால் ஆட்டம் நிற்கும், ஆனால் முடிந்துவிடாது. முடிந்தது என்று ரெஃப்ரி சொன்னால்தான் முடிந்தது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

எனக்கு அந்த இடத்தில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. விசில் ஊதப்படவில்லை என்றால் ஆட்டம் முடியவில்லை. ஆட்டம் முடியவில்லை என்றால் கிளப்பு அறுபடவே இல்லை. இடைவெளி என்ற ஒன்றே கிடையாது! பந்து வெளியே போயிருக்கிறது, அது திரும்பி வரக் காத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஜெரோம் அண்ணன் இன்னும் களத்தில் இருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பிரபுவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் கண் கலங்கி, சார் இதையே முன்னுரையாகப் போட்டுவிடலாம் என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தாள்களோடு அண்ணி வீட்டுக்குப் போய் உரக்கப் படித்தேன். அந்தக் கடைசி இடத்தில், ஜெரோம் அண்ணன் இன்னும் இடது மூலையில் நின்று ஆடிக்கொண்டிருக்கிறார் என்று வரும் இடத்தில், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி நிறுத்தினேன். அண்ணி மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன்.

அண்ணி மிஷினை நிறுத்தினார்.

"இம்மா வருசமா ஆடிகினே கீறாரா?" என்றார். "பாவம்பா. களச்சிப் பூட்டுருப்பாரு. கன்னியப்பன ஊதச் சொல்லு."

தாள்களை மடித்துப் பையில் வைத்தேன். எத்தனையோ வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாளுக்கு ஒரு ஆள் களைத்துப் போவான் என்பது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

கன்னியப்பனிடம் நான் அப்படியே போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "நேரம் ஆய்ட்ச்சின்னா பந்து எங்க இருந்தா இன்னா? ஊதிர வேண்டியதுதான். நான் டைம்ம பாக்கல பா. பந்தயே பாத்துகினு இருந்துட்டேன்."

அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்த வேளையில் அந்தச் சுவருக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் நின்றோம். பிரபு கன்னியப்பனை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தான். புதுப் பந்து ஒன்றும் கொண்டுவந்திருந்தான். கன்னியப்பன் அதை ஆட்டோவிலேயே வைக்கச் சொன்னார். பந்து ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்றார். சுவர் இப்போது பழையதாகிவிட்டது. காரை பெயர்ந்து, அரசியல் விளம்பரமும் சிறுநீர்க் கறையுமாக இருந்தது. அதற்கு மேலே கன்டெய்னர்கள் வீடு மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தன. கறுப்பு மண் இருந்த இடத்தில் தார் போட்டு, லாரிகள் நின்றன. லெப்ட் பேக் இடம் எது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. கன்னியப்பன் தண்டவாளத்தைப் பார்த்தார், கோயில் கோபுரத்தைப் பார்த்தார், ஒரு லாரியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு அவர் அருகில் போய் நின்றார்.

முதல் ஊதலில் வெறும் காற்றுதான் வந்தது. லாரியில் படுத்திருந்த ஓட்டுநர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கன்னியப்பன் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மூச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு இரண்டு சின்னது ஊதினார். கொஞ்சம் பொறுத்து நீள விசில். அவருடைய பழைய விசில் இல்லை. நடுவில் நடுங்கியது, ஓரிடத்தில் அறுந்து மறுபடி சேர்ந்தது. ஆனால் நீளமாக ஊதினார். அவர் முகம் சிவந்து, இனி போதும் என்று பிரபு கையைப் பிடிக்கப் போன பிறகும் ஊதிக்கொண்டிருந்தார்.

அண்ணி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் அழுது நான் பார்த்தேன். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நெடுநேரம். ஜெரோம் அண்ணன் இறந்த அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. நானும் பிரபுவும் என்ன செய்வது என்று தெரியாமல் லாரியின் நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆட்டோவுக்குத் திரும்பும்போது அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒனுக்கு யாரு நைனா ஊதுவாங்க?" என்று கன்னியப்பனைக் கேட்டார்.

கன்னியப்பன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எனுக்கு எதுக்குமா?" என்றார். "எல்லாரும் வெளிய போனப்புறம் போறவன்தானே ரெஃப்ரி."

மலருக்கு இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பாகம் மைதானம் போன வருஷத்தில் முடியவில்லை. அது இந்த வருஷம், அந்த ஞாயிற்றுக்கிழமை வரை வருகிறது. பிரபுவுக்கு முதலில் தலை சுற்றியது. அப்படியானால் நாங்கள் லீக்கில் ஆடியதெல்லாம் எந்தப் பாகம் சார் என்று கேட்டான். அதுவும் முதல் பாகம்தான் என்றேன். உன் இரண்டாம் பாகம் வருகிற ஆட்டத்தில் தொடங்குகிறது, அதை நீ எழுது. அவன் யோசித்துவிட்டுச் சரி என்றான். இடைவெளி என்ற தலைப்பை எடுத்துவிட்டு, முதல் பாகத்துக்குள்ளேயே அந்த வருஷங்களுக்குப் பந்து வெளியே இருந்த காலம் என்று போட்டிருக்கிறேன்.

இப்போது சாவுக்கு வேன் வருகிறது. கோயிலில் இருந்து கல்லறைக்குக் கண்ணாடி வண்டியில் சீக்கிரம் கொண்டுபோய்விடுகிறார்கள். தோள் மாற்றுவதற்கு எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. மரக் கோலும் இல்லை, இரும்புக் கோலும் இல்லை. இரண்டாவது பூசைக்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்புகிற கால்களும் இல்லை. மணலி புதுநகரில் பையன்கள் ஆடுகிற பந்துக்கு எண்ணெய் வேண்டாம், அதில் எதன் வாசனையும் அடிப்பதில்லை. அந்தப் பழைய பந்து யார்டுக்குள் எந்த இரும்புப் பெட்டிக்கு அடியில் மக்கியதோ, இல்லை எவனாவது கண்டெடுத்து அதை ஒரு கப்பலில் ஏற்றிவிட்டானோ, இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

அக்காலத்தில் பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுத்த முடிவுகளில் கடைசி வரியாக, யார் யார் முழு நேரமும் ஆடினார்கள் என்று சேர்ப்பேன். இடம் இல்லையென்று அவர்கள் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். இந்த மலரில் வெட்ட ஆள் இல்லை. முதல் பாகத்தின் கடைசி வரியை நேற்று அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினார். லெப்ட் பேக் ஜெரோம் முழு ஆட்டமும் ஆடினார்.